மலையாற்றில் இறங்குவதற்கு முன்: சுவிஸ் தமிழ்க் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர்களுக்கும், இளையோர் அமைப்புகளுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். கோடைச் சுற்றுலா அறிவிப்புகள் வாட்ஸப் குழுக்களில் வரத் தொடங்கிவிட்டன. ஏரிக்கரையில் இறைச்சி வாட்டுவதும் கிரிக்கெட் விளையாடுவதுமாக இருந்த நம்முடைய கோடை இப்போது மலைப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதில் மகிழ்ச்சிதான். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதன் மலைகளையும் ஆறுகளையும் தங்களுடையவையாக நினைக்கிறார்கள். அப்படித்தான் நினைக்க வேண்டும். கன்யனிங்குக்குக் குழுவாகப் பதிவு செய்யும் கழகங்களும் கூடிவருகின்றன. மலையிடுக்கில் ஓடும் ஆற்றோடு சேர்ந்து, குதித்தும் சறுக்கியும் கயிற்றில் தொங்கியும் கீழே இறங்குகிற விளையாட்டு அது. கோடைக்காலங்களில் பேர்ண் கன்டோனின் மலைப்பகுதியான பேர்ணர் ஓபர்லாந்தில் வழிகாட்டிகளுக்குத் துணையாக வேலை செய்கிறவன் என்ற முறையில்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

"போகாதீர்கள்" என்று சொல்வதற்காக எழுதவில்லை. போங்கள். ஆனால் வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் எல்லோரும் திரும்பி வரக்கூடிய மாதிரி ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். இப்போது நாம் செய்கிற ஒழுங்கில் அதற்கு இடமே இல்லை.

முதலில் சாக்ஸெட்டன்பாக் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வளர்ந்த இளையோரில் கன பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில், வில்டர்ஸ்வில் கிராமத்துக்கு மேலே உள்ள ஒரு மலையாறு அது. 1999 ஜூலை 27ஆம் தேதி பிற்பகலில் ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டிகளோடு அந்த இடுக்கில் இறங்கினார்கள். மலையின் மேற்பகுதியில் இடியோடு மழை கொட்டியது. ஆறு பெருகி, மரங்களையும் கற்களையும் அள்ளிக்கொண்டு ஒரே அலையாக வந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் பயணிகள், 3 பேர் வழிகாட்டிகள். பயணிகளில் 14 பேர் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவர்கள், பெரும்பாலும் இளையவர்கள். உடல்கள் லூட்சினே ஆற்றின் வழியாகப் பிரியன்ஸ் ஏரி வரைக்கும் அடித்துச் செல்லப்பட்டன.

2001 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நிறுவனத்தை நடத்தியவர்களும் பொறுப்பில் இருந்தவர்களுமாக ஆறு பேரைக் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆளானவர்கள் என்று நீதிமன்றம் கண்டது. சில மாதச் சிறைத்தண்டனை, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது, அத்தோடு அபராதம். குற்றஞ்சாட்டப்பட்ட வழிகாட்டிகள் இருவர் விடுவிக்கப்பட்டார்கள். பிழை ஆற்றுக்குள் தொடங்கவில்லை, அலுவலகத்தில் தொடங்கியது என்றுதான் நான் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்கிறேன். எந்த வானிலையில் போகக் கூடாது, அதை யார் முடிவு செய்வது, பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதெல்லாம் முன்கூட்டியே உறுதியாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதே மாதிரித் துயரம் வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறது. 2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தின் மங்கடேபோபோ இடுக்கில், பயிற்சி நிலையமொன்றின் ஏற்பாட்டில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரும் ஆசிரியர் ஒருவரும் வெள்ளத்தில் இறந்தார்கள். 2018 ஆகஸ்ட் 20 அன்று தெற்கு இத்தாலியின் ராகனெல்லோ இடுக்கில் 10 பேர். அதே மாதம் முதலாம் தேதி கோர்சிகாத் தீவில் ஐந்து பேர். அதில் ஒரு சிறுமியும் வழிகாட்டியும் அடக்கம். எல்லாவற்றுக்கும் காரணம் மழை. அந்த மழை ஆட்கள் நின்ற இடத்தில்தான் பெய்திருக்க வேண்டும் என்றில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம்மவர்களுக்கு விளங்கவைப்பது கடினமாக இருக்கிறது. வாகனத் தரிப்பிடத்தில் வெயில் அடிக்கும். வானம் நீலமாக இருக்கும். "இதில என்ன பயம்?" என்று கேட்பார்கள். ஒரு மலையிடுக்குக்குத் தண்ணீர் வருவது அதற்கு மேலே பல கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் சரிவுகளில் இருந்து. அந்தச் சரிவுகள் பெரும்பாலும் பாறை. மண்போல மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அங்கே விழுகிற மழை முழுவதும் ஒரு குறுகிய பாறை வெடிப்பை நோக்கி ஓடிவரும். அகலமான ஆற்றில் ஒரு சாண் ஏறுகிற தண்ணீர் அந்த வெடிப்புக்குள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். இரு பக்கமும் செங்குத்துச் சுவராக இருக்கும்போது ஓடி ஏற இடம் இராது.

தண்ணீர் கலங்கி மண்ணிறமாகிறது, இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன, மேலே இருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது என்றால் உடனே உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். யார் முதலில் கண்டாலும் கத்திச் சொல்ல வேண்டும். "வழிகாட்டிக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகிறது" என்று பேசாமல் இருக்கக் கூடாது. அவர் அந்த நேரத்தில் கயிற்றில் தொங்கும் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அல்ப்ஸ் மலைகளில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். ஆகவே உங்களால் தெரிவு செய்ய முடிந்தால் காலைப் பயணத்துக்குப் பதிவு செய்யுங்கள். சூரிச்சில் இருந்தோ பாசலில் இருந்தோ பேருந்து பிடித்து, வழியில் எல்லோரையும் ஏற்றி, சாப்பாட்டுப் பொதிகளையும் எடுத்துக்கொண்டு மதியத்துக்குப் பிறகு வந்துசேர்வது நம்முடைய வழமை. இந்த ஒரு பயணத்துக்கு அந்த வழமையை மாற்றுங்கள். முதல் நாளே வந்து தங்கினால் இன்னும் நல்லது.

தெற்கே டிச்சினோ கன்டோன் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே பல ஆறுகளுக்கு மேலே நீர்மின் அணைகள் இருக்கின்றன. மழையே இல்லாத நாளில்கூட அணையில் இருந்து தண்ணீர் திறக்கப்பட்டால் ஆறு சட்டென்று ஏறும். கரையோரம் நிற்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் அதற்காகத்தான். மின்நிலையத்தோடு பேசி உறுதி செய்துகொண்டார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன்.

ஒரு கோடையில், நான் துணைக்கு நின்ற ஒரு பயணத்தை மேகத்தைப் பார்த்துவிட்டு மூத்த வழிகாட்டி நிறுத்தினார். வந்திருந்தது நம்மவர் குழு. உடுப்பு மாற்றி, தலைக்கவசம் போட்டு, படமும் எடுத்து முடித்திருந்தார்கள். "வந்தது வந்திட்டம், பாதியாவது போவம்" என்று ஒருவர் தொடங்கினார். இவ்வளவு தூரம் பேருந்தில் வந்ததையும், காசு கட்டியதையும், கனடாவில் இருந்து வந்த மச்சானுக்கு இது கடைசிக் கிழமை என்பதையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என்னிடம் தமிழில், "தம்பி, நீங்கள் ஒருக்காச் சொன்னால் அவர் கேட்பார்" என்றார்கள். அவர் கேட்கவில்லை. ஆனால் எல்லா வழிகாட்டியும் அவரைப்போல முப்பது வருட அனுபவத்தோடு நிற்பதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், முதல் பருவத்து வேலையில், முப்பது பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போது என்ன முடிவு எடுப்பான்? அந்த முடிவில் நம்முடைய பங்கும் இருக்கிறது.

அந்தக் குழுவில் கெட்டவர்கள் யாரும் இல்லை. சிக்கல் அவர்களுடைய ஒழுங்கில் இருந்தது. ஒரே ஒரு சனிக்கிழமை. திருப்பித் தரப்படாத பணம். மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. அப்படி வருகிறவர்களுக்குத் திரும்பிப் போவது நட்டமாகத்தான் தெரியும். இதைச் சரிசெய்ய உங்களால் மட்டும்தான் முடியும். பதிவு செய்யும்போதே, வானிலையால் நிறுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறிவிப்பிலேயே "வானிலை சரியில்லை என்றால் கன்யனிங் இல்லை, அன்றைக்கு இன்ன இடத்துக்குப் போவோம்" என்று போடுங்கள். பிரியன்ஸ் ஏரிக்கரை இருக்கிறது, பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது, கூரைக்குக் கீழே ஏறும் சுவர்கள் இருக்கின்றன. அப்புறம், வழிகாட்டி நிறுத்தினால் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று புறப்படும்போதே பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லுங்கள். கழகத் தலைவர் சொன்னால் நம்மவர்கள் கேட்பார்கள்.

அடுத்தது நீச்சல். இதில் நம் சமூகத்தில் ஒரு கூச்சம் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் "நீந்தத் தெரியுமா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "ஆம்" என்று போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அப்பா "இல்லை" என்று எழுதுவாரா? கலியாணமாகிப் புதிதாக வந்த மருமகள், கணவனின் கூட்டாளிகள் பார்க்கும் வாட்ஸப் குழுவில் தனக்கு நீந்த வராது என்று போடுவாளா? கயிற்றுக்கு அடியில் நிற்கிற எங்களுக்கு அந்த உண்மை தெரிந்திருக்க வேண்டும். நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் உடுப்பும் மிதவை உடுப்பும் ஆளை ஓரளவு மிதக்க வைக்கும். ஆனால் அருவிக்குக் கீழே காற்றுக் குமிழி நிறைந்த வெள்ளைத் தண்ணீர் ஆளைத் தாங்காது. குளிரில் மூச்சு அடைக்கும். நீந்தத் தெரியாதவர் அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிப்பார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கே தண்ணீர்ப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் மிதந்து நிற்க வேண்டும், பிறகு 50 மீட்டர் நீந்த வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் அதைச் செய்தவர்கள்தான். பெரியவர்களையும் ஒரு மாதத்துக்கு முன் உள்ளூர் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய் அதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பொதுக் குழுவில் கேட்காமல் தனித்தனியாகத் தொலைபேசியில் கேளுங்கள். பெண்களிடம் ஒரு பெண் கேட்கட்டும். நீந்தாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இலகுவான பாதைகள் சில நிறுவனங்களிடம் உண்டு. அதற்கும் முதலில் உண்மை தெரிய வேண்டும். இழுப்பு, இதய நோய், வலிப்பு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, கர்ப்பம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

குதிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருவெள்ளம்தான் செய்தியில் வரும். அன்றாடம் நாங்கள் பார்ப்பது கணுக்கால், முழங்கால், முதுகுக் காயங்கள். ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்து குதிப்பவர் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார். பத்து மீட்டர் என்றால் சுமார் 50. அந்த வேகத்தில் உட்கார்ந்த நிலையில் விழுந்தால் முதுகெலும்பு தாங்காது. கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, உடலை நேராக வைத்து, வழிகாட்டி காட்டிய புள்ளியில் மட்டும் குதிக்க வேண்டும். போன கிழமை ஆழமாக இருந்த குழி இந்தக் கிழமை கல்லும் மணலும் அடைத்துக் கிடக்கலாம். ஒவ்வொரு முறையும் வழிகாட்டி முதலில் இறங்கிப் பார்ப்பது அதனால்தான். குதிக்க விருப்பமில்லாதவருக்குப் பெரும்பாலான இடங்களில் கயிற்றில் இறங்கவோ சுற்றி நடக்கவோ வழி இருக்கும். எங்கே அப்படி வழி இல்லை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழுவாக நின்று "குதி, குதி" என்று கத்துவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பயந்து நடுங்கிக்கொண்டு குதிக்கிறவர் பாதியில் உடலை இழுப்பார், கோணலாக விழுவார்.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மோதிரம் கொழுக்கியிலோ பாறையிலோ மாட்டினால் விரலையே பிய்த்துக்கொண்டு போகும். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கும் அக்காமாரோடு ஆற்றங்கரையில் வாதாடுவது எங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். அதை வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வர வேண்டும். நீளமான தலைமுடியை இறுக்கிப் பின்னி உடுப்புக்குள் விட வேண்டும். கயிற்றில் இறங்கும் கருவிக்குள் முடி சிக்கினால் ஆள் நடுவானில் நிற்க வேண்டி வரும்.

குளிரைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பனி உருகி வரும் தண்ணீர் அது. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, மந்தமாகிவிட்டால் அது தேறிய அறிகுறி இல்லை; உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது. உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். "எல்லோரையும் காக்க வைக்கிறேனே" என்று பொறுத்துக்கொள்வதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம். புறப்படும் நாளன்று காலைச் சாப்பாட்டைத் தவறவிடவும் விடாதீர்கள்.

சரி, எந்த நிறுவனத்தைத் தெரிவு செய்வது? சாக்ஸெட்டன்பாக்குக்குப் பிறகு இந்த நாட்டில் நீண்ட விவாதம் நடந்தது. 2010 டிசம்பர் 17 அன்று மலை வழிகாட்டிகள், ஆபத்துள்ள விளையாட்டுகள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகமாக கன்யனிங் நடத்துகிற நிறுவனத்துக்கு கன்டோனின் அனுமதி வேண்டும். அதைப் பெறப் பாதுகாப்புச் சான்றிதழும், குறைந்தது 50 இலட்சம் பிராங் பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியலைக் கூட்டாட்சி விளையாட்டு அலுவலகமான பாஸ்போ வைத்திருக்கிறது. அங்கே பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அனுமதியைக் காட்டச் சொன்னால் ஒழுங்கான நிறுவனம் காட்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார், பாதிக் காசுக்குக் கூட்டிக்கொண்டு போவார்" என்ற பேச்சு நம் குழுக்களில் சுற்றுகிறது. அவருக்கு ஆறு நன்றாகத் தெரிந்திருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அனுமதி இல்லாமல் கூட்டிப் போவது சட்டத்துக்குப் புறம்பானது, ஏதாவது நடந்தால் பின்னால் காப்புறுதியும் இராது. விலையைக் குறைக்கச் சொல்லி வழிகாட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் கேட்காதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஆபத்தென்றால் நடுவில் வெளியேறும் வழிகள் எத்தனை, இடுக்குக்குள் கைத்தொலைபேசி எடுக்காவிட்டால் எப்படித் தொடர்பு கொள்வார்கள் என்று கேளுங்கள்.

கையெழுத்து வாங்கும் தாளைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அதில் ஒப்பமிட்டால் எல்லா உரிமையும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அல்லது வாசிக்காமலே போட்டுவிடுகிறார்கள். கடும் கவனயீனத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே கைகழுவ, ஒப்பந்தங்களுக்கான சுவிஸ் கடமைச் சட்டத்தின் 100ஆம் உறுப்புரை இடம் கொடுக்காது. ஆனாலும் வாசியுங்கள். ஜெர்மன் தெரியாதவர்களுக்காக அதில் உள்ளதைத் தமிழில் ஒரு ஒலிப்பதிவாக்கி முன்கூட்டியே அனுப்புவது கழகத்தால் செய்யக்கூடிய காரியம்.

காப்புறுதியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்கிறவர்களுக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. விதிகளை மோசமாக மீறியிருந்தால் பணக் கொடுப்பனவைக் குறைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வரும் உறவுகளுக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கையில் இருக்கும். ஆபத்தான விளையாட்டுகள் அதில் விலக்கப்பட்டிருக்கலாம். ஹெலிகொப்டர் மீட்புக்கும் சத்திரசிகிச்சைக்கும் இங்கே எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களைச் சேர்ப்பதற்கு முன் பத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "நான் இறங்கேல்லை" என்று திரும்பி வந்தால், "காசு கட்டினது வீணாப் போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை பயம் வரும்போது அந்தப் பேச்சுத்தான் பிள்ளையின் காதில் கேட்கும்.

அதே சாக்ஸெட்டன் இடுக்கில் இப்போதும் ஆட்கள் வழிகாட்டிகளோடு இறங்குகிறார்கள். மகிழ்ச்சியாகத் திரும்பி வருகிறார்கள். நானும் இறங்கியிருக்கிறேன். பாறைக்கு நடுவே பச்சைத் தண்ணீருக்குள் சறுக்கி விழும்போது வருகிற சந்தோசத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் அனுபவிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

பருவம் தொடங்குவதற்கு முன், மே மாதத்தில், உங்கள் கழகக் கூட்டங்களில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தாருங்கள். தலைக்கவசம், இடுப்புப் பட்டி, கயிறு, உடுப்பு எல்லாம் கொண்டுவந்து காட்டுகிறேன். எப்படிக் குதிப்பது, எப்படிச் சறுக்குவது என்று மண்டபத்துத் தரையிலேயே செய்து பார்க்கலாம். கட்டணம் எதுவும் வேண்டாம். தமிழ்ப் பாடசாலை முடிந்த சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் பெற்றோரும் இருப்பார்கள். ஏற்கெனவே பதிவு செய்துவிட்ட கழகங்கள், நிறுத்தினால் பணம் என்னவாகும் என்ற அந்தக் கேள்வியை இந்தக் கிழமையே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பேர்ண் கன்டோனில் இருந்து ஒரு துணை வழிகாட்டி